துணி துவைக்கும் இயந்திரம் ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

துணியும் உள்ளே, தண்ணீரும் உள்ளே. இயந்திரம் பாதியில் நின்றுவிட்டது. கதவும் திறக்க மறுக்கிறது. "மெஷின் போய்விட்டது" என்று வீட்டில் தீர்ப்பு வழங்கப்படுகிறது. மெக்கானிக் வருகிறார். கீழே மூலையில் உள்ள சிறு மூடியைத் திருகி, ஒரு ரூபாய் நாணயத்தையும் இரண்டு ஹேர்பின்களையும் எடுத்துக் கையில் கொடுக்கிறார். வந்துபோன கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

பெங்களூரில் இன்று பல வீடுகளில் காணும் காட்சி இது. முன்பக்கம் கண்ணாடிக் கதவு உள்ள தானியங்கி இயந்திரம் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி கேட்கிறது. கதவு பூட்டியதா, தண்ணீர் வந்ததா, சூடு ஏறியதா, அழுக்குத் தண்ணீர் போனதா என்று கேட்டு, பதில் கிடைத்தால்தான் அடுத்த வேலைக்குப் போகும். கிடைக்காவிட்டால் நின்றுவிடும். எந்தக் கேள்வியில் நின்றது என்று தெரிந்துகொண்டால், பல சமயங்களில் கூலி மிச்சம்.

தொட்டிக்குள் தொட்டி

உள்ளே இருப்பவை இரண்டு தொட்டிகள். வெளித்தொட்டி பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. தண்ணீரைத் தேக்கி வைப்பது அதுதான்; அது சுழலாது. அதற்குள் துளைகள் நிறைந்த எவர்சில்வர் டிரம் ஒன்று சுழல்கிறது. துணி கிடப்பது இதில்தான். இரண்டையும் சேர்த்து மேலே ஸ்பிரிங்குகள் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன. கீழே, மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற ஷாக் அப்சார்பர்கள் தாங்குகின்றன. வெளித்தொட்டியின் மேல் சிமெண்டுக் கட்டி ஒன்றும் திருகி வைக்கப்பட்டிருக்கும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்குள் கான்கிரீட் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதற்கான காரணம் பிழியும்போது தெரியும்.

தண்ணீர் வந்ததா?

கதவு பூட்டியதும், பின்புறம் உள்ள மின்காந்த வால்வு திறந்து, தண்ணீர் சோப்புத்தூள் அறை வழியாக இறங்குகிறது. எவ்வளவு வந்தது என்று இயந்திரம் அறியும் விதம் எளிமையானது. ஒரு தம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினால் உள்ளிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளுமல்லவா? அதே கதைதான். வெளித்தொட்டியின் அடியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று மேலே போகிறது. அதில் அடைபட்டிருப்பது காற்று. தண்ணீர் உயர உயரக் காற்று நெருக்கப்பட்டு, மேல்முனையில் உள்ள சவ்வைத் தள்ளும். தேவையான அளவு தள்ளியதும் வால்வு மூடிக்கொள்ளும்.

மாடி வீடுகளில் தொல்லை தொடங்குவது இங்கேதான். குறைந்தது பத்தடி உயரத் தண்ணீரின் அழுத்தமாவது வேண்டும் என்று பல இயந்திரங்களின் கையேடுகள் சொல்கின்றன. மொட்டைமாடி டேங்க் தலைக்கு மேலேயே இருக்கும் கடைசி மாடி வீட்டில் அந்த அழுத்தம் கிடைப்பதில்லை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. இயந்திரம் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. டேங்கர் லாரித் தண்ணீரில் வரும் மணல், குழாய் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையை அடைத்துக்கொண்டாலும் இதே கதிதான். குழாயை மூடி, வலையைக் கழற்றிக் கழுவினால் போதும்.

கல்லில் அடிப்பதற்குப் பதிலாக

துவைக்கும்போது டிரம் நிமிடத்துக்குச் சுமார் 50 சுற்று மட்டுமே சுற்றுகிறது. உட்சுவரில் உள்ள மேடுகள் துணியை மேலே தூக்கிச் செல்ல, உச்சிக்கு அருகில் வந்ததும் துணி 'தொப்'பென்று விழுகிறது. துணிதுறைக் கல்லில் சலவைத் தொழிலாளி செய்யும் வேலையை இங்கே இந்த வீழ்ச்சி செய்கிறது. இரு மடங்கு வேகமாகச் சுற்றினால் துணி சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விழாது, வெளுக்காது. டிரம்மை அடைத்துத் திணித்தாலும் விழ இடமிருக்காது. அளவுக்கு மீறிச் சோப்புத்தூள் போட்டால் நுரையே மெத்தையாகி, விழும் துணியைத் தாங்கிக்கொள்ளும்.

தண்ணீரைச் சூடாக்க அடியில் சுமார் 2,000 வாட் ஹீட்டர் இருக்கிறது. வெந்நீர்ச் சலவையில் மின்சாரத்தின் பெரும்பகுதியை விழுங்குவது மோட்டார் அல்ல, இதுதான். போர்வெல் தண்ணீரைச் சூடாக்கும்போது, அதில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் ஹீட்டர் மீது வெள்ளைப் படிவமாகப் படிகின்றன. படிவம் தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது; ஹீட்டரே எரிந்துவிடவும் கூடும். படிவத்தை நீக்கும் தூளைப் போட்டு, துணியில்லாமல் அவ்வப்போது வெந்நீரில் ஓட்டுவது உண்டு.

நாணயம் செய்த வேலை

அழுக்குத் தண்ணீரை வெளியேற்றுவது அடியில் உள்ள சின்னஞ்சிறு பம்பு. சட்டைப்பையில் மறந்த நாணயமும் பொத்தானும் அதற்கு முன்னால் உள்ள வடிகட்டியில் சிக்குகின்றன. தண்ணீர் போகாதவரை இயந்திரம் கதவைத் திறக்காது. திறந்தால் கூடமெல்லாம் வெள்ளம் அல்லவா? முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் ஆறவிட வேண்டும். பிறகு தட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மூடியை மெல்லத் திருகினால் எவரும் சுத்தம் செய்துவிடலாம்.

கான்கிரீட்டின் ரகசியம்

பிழியும்போது டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அப்போது துணியை வெளிப்புறம் தள்ளும் விசை, அதன் எடையைப் போல் 300 மடங்குக்கும் மேல். ஒரு பக்கம் 100 கிராம் கூடுதலாக இருந்தால், 30 கிலோவுக்கு மேற்பட்ட சுமை டிரம்மைச் சுற்றிச் சுற்றி இழுப்பதற்குச் சமம். அந்த ஆட்டத்தை அடக்கத்தான் கான்கிரீட்டும் ஸ்பிரிங்கும். 1937இல் அமெரிக்காவில் வெளிவந்த பெண்டிக்ஸ் தானியங்கி இயந்திரத்தில் இந்தத் தொங்கல் ஏற்பாடு கிடையாது. அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது.

எனவே பிழியும் முன் இயந்திரம் மெதுவாகச் சுற்றி, பாரம் சமமாகப் பரவியிருக்கிறதா என்று பார்க்கிறது. தனியாகப் போட்ட கனமான போர்வை பந்தாகச் சுருண்டிருந்தால், முன்னும் பின்னும் உருட்டிப் பிரிக்க முயல்கிறது. முடியாவிட்டால் பிழியாமலே முடித்துவிடுகிறது. கூட இரண்டு துண்டுகளைப் போட்டால் சரியாகிவிடும்.

வேலைமாற்றலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புது இயந்திரத்தின் பின்புறம் தொட்டியை அசையாமல் பிடித்திருக்கும் நீண்ட போல்ட்டுகளைக் கழற்றிய பின் தூக்கி எறியக் கூடாது. அவற்றை மீண்டும் மாட்டாமல் லாரியில் ஏற்றினால், வழியெல்லாம் குலுங்கி ஸ்பிரிங்குகளும் ஷாக் அப்சார்பர்களும் கெடும். புது வீட்டில் அவற்றைக் கழற்ற மறந்து ஓட்டினாலோ, இயந்திரம் அறையெங்கும் நடைபோடும்.

எல்லாம் முடிந்த பின்னும் பல இயந்திரங்களில் கதவு உடனே திறப்பதில்லை. பூட்டுக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு மின்சூட்டில் வளைந்து தாழ்ப்பாளைப் பிடித்திருக்கிறது. அது ஆறி நிமிர ஓரிரு நிமிடம் ஆகும். 'டக்' என்ற ஓசை கேட்கும் வரை கைப்பிடியை இழுக்காமல் இருப்பது நல்லது. ஒடிந்த கைப்பிடிக்கு மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.