வாடை வருமுன் வரும் செய்தி
அல்ப்ஸ் மலைநாட்டில் பனிப்புயலையும் கடுங்குளிரையும் முன்னறிவது எவ்வாறு?

1987ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் இரண்டாவது வாரம். சுவிற்சர்லாந்தின் மலைக் கிராமம் ஒன்றில், அகதிகளுக்கென ஒதுக்கப்பட்ட பழைய விடுதியில் நாங்கள் பதினாறு பேர் தங்கியிருந்தோம். பொதுக்கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. ஊரைப் பற்றி ஏதேனும் சொல்வார்களா என்ற ஏக்கத்துடன் செய்தி நேரத்தில் அதனைச் சுற்றிக் கூடுவோம். செய்தி முடிந்து வானிலை அறிக்கை தொடங்கியதும் யாராவது ஒருவர் எழுந்து வானொலியை நிறுத்திவிடுவார். மழையோ வெயிலோ, வேலைவெட்டி இல்லாத எமக்கென்ன என்பது அன்றைய நினைப்பு.

எம்முள் ஒருவருக்கு மாத்திரம் அயற்கிராமத்து உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்திருந்தது. அன்றிரவு வேலை முடிந்து அவர் வெளியே வந்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டது. நான்கு கிலோமீற்றர் தூரத்தை, மெல்லிய மேலங்கியுடனும் துணிச் சப்பாத்துடனும் அவர் நடந்தே வந்து சேர்ந்தார். கால் விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன. வலிக்கவில்லை என்று சிரித்தார். நாங்கள் அன்பினால் அவரைச் சூடான அடுப்பருகே இருத்தி, விரல்களைப் பலங்கொண்ட மட்டும் தேய்த்தோம். செய்யக்கூடாத இரண்டையும் செய்துவிட்டோம் என்று மறுநாள் மருத்துவர் சொன்னார். சில வாரங்களின் பின் அவரது இடக்கால் விரல்கள் இரண்டு அகற்றப்பட்டன.

கடுங்குளிர் வருகின்றது, அவசியமின்றி இரவில் வெளியே செல்லவேண்டாம் என்று முதல்நாள் நண்பகலிலிருந்தே வானொலியில் சொல்லப்பட்டு வந்ததைப் பின்னர் அறிந்தோம். அந்த வானொலியை நிறுத்திய கைகளுள் எனது கையும் ஒன்று.

அதே வாரத்தில், ஜனவரி 12ஆம் நாள், நெசாத்தெல் மாநிலத்தின் யூரா மலைப் பள்ளத்தாக்கிலுள்ள லா பிறெவீன் என்ற ஊரில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 41.8 பாகை செல்சியஸ் என்று பதிவாகியது. இந்நாட்டின் அதிகாரபூர்வ நிலையமொன்றில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை இன்றுவரை அதுவே.

குளிர் எங்கிருந்து வருகின்றது?

யாழ்ப்பாணத்துக் கடற்றொழிலாளர் காற்றுக்குத் திசையறிந்து பெயர் வைத்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான், தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். காற்றின் பெயரைச் சொன்னாலே கடலின் நிலை விளங்கிவிடும். அல்ப்ஸ் மலைவாசிகளும் அவ்வாறே பெயர் வைத்திருக்கின்றனர். தெற்கிலிருந்து மலையேறி, ஈரத்தை அங்கேயே இறக்கிவிட்டு, மறுபக்கச் சரிவில் சூடாகவும் வறட்சியாகவும் பாய்வது 'ஃபூன்'. வடகிழக்கிலிருந்து வருவது 'பீஸ்'. எமது வாடைக்கு ஒப்பான இந்தப் பீஸ் காற்றே கடுங்குளிரின் தூதுவன்.

வடதுருவத்தில் குளிர்காலம் முழுவதும் சூரியன் எழுவதில்லை. அங்கு திரளும் குளிர்ந்த காற்றை, மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் உயர்மட்டக் காற்று ஒரு வேலி போலக் காத்து நிற்கின்றது. இந்த வேலி தளர்ந்து வளையும்போது குளிர்காற்று தெற்கே வழிகின்றது. ஸ்கந்திநேவியாவிலோ ரஷ்யாவிலோ ஓர் உயரமுக்கம் நிலைகொண்டால், அதன் தெற்கு விளிம்பு வழியாக அக்காற்று ஐரோப்பாவின் நடுப்பகுதிக்கு இழுத்து வரப்படுகின்றது. அல்ப்சுக்கும் யூராவுக்கும் இடைப்பட்ட நிலம் தென்மேற்கு நோக்கி ஒடுங்கிச் செல்வதால், ஒடுங்கிய குழாயில் பாயும் நீர் போன்று காற்று அங்கே வேகம் பெறுகின்றது. ஜெனீவாவில் பீஸ் கொடியதாக இருப்பதன் காரணம் இதுவே. 2005 ஜனவரியிலும் 2012 பெப்ரவரியிலும் ஜெனீவா ஏரியின் அலைநீர் கரையில் தெறித்த இடத்திலேயே உறைந்து, வெர்சுவா நகரின் கரையோரத்தில் நின்ற மோட்டார் வாகனங்களைப் பனிக்கட்டிச் சிற்பங்களாக்கியது.

சில வேளைகளில் குளிரின் அறிகுறி வாரக்கணக்கில் முன்னதாகவே தெரிந்துவிடுகின்றது. தரையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் உயரத்தில், துருவத்தின் மேலுள்ள காற்று ஒருசில நாட்களுள் பல பத்துப் பாகை சூடாவதுண்டு. 1952ஆம் ஆண்டு பேர்லினில் ரிச்சார்ட் ஷேர்ஹாக் என்ற அறிஞர் இதனை முதன்முதலில் கண்டறிந்தார். இச்சூடு துருவச் சுழலைக் குலைத்துவிடுவதால், இரண்டு மூன்று வாரங்களில் கீழே குளிர் வெளிப்படலாம். 2018 பெப்ரவரி நடுப்பகுதியில் மேலே இது நிகழ்ந்தது. மாத இறுதியில் ஐரோப்பா நடுங்கியது. ஆயினும் மேலே நிகழ்வதெல்லாம் கீழே குளிராக வந்து சேர்வதில்லை. எனவே வானிலையாளர் இதனை ஒரு சாத்தியமாகவே சொல்வர்.

பள்ளத்தில் தேங்கும் குளிர்

உயரம் கூடக் குளிரும் கூடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆயிரம் மீற்றருக்குச் சராசரியாக ஆறரைப் பாகை குறைகின்றது. ஆனால் மலைநாட்டின் குளிர்கால இரவு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். முகிலற்ற வானும் அசையாத காற்றும் பனி போர்த்த நிலமும் ஒருங்கே அமைந்தால், நிலம் தன் வெப்பத்தை விரைவாக வானுக்கு இழக்கின்றது. நிலத்தைத் தொட்ட காற்று குளிர்ந்து கனத்து, நீர் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகின்றது. லா பிறெவீன் ஏறத்தாழ 1,050 மீற்றர் உயரத்தில், வடிந்தோட வாய்க்கால் இல்லாத கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. அதனைவிட மிக உயர்ந்த மலைமுடிகளில் அவ்வளவு குளிர் பதிவாகாத விந்தைக்கு இதுவே விளக்கம். ஒரே இரவில் பள்ளத்து வீட்டுக்கும் சற்று மேலேயுள்ள வீட்டுக்கும் இடையே பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடும். நகரத்துக்குச் சொல்லப்பட்ட எண்ணை மலைக்கிராமத்தில் இருப்பவர் நம்பியிருத்தல் ஆகாது.

காற்று சேர்ந்துவிட்டால் உடல் உணரும் குளிர் வேறு. வெப்பமானி சுழியத்துக்குக் கீழ் 10 பாகை காட்டும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோல் இழக்கும் வெப்பம் காற்று மெல்ல அசையும் வேளையில் சுழியத்துக்குக் கீழ் 20 பாகையில் இழப்பதற்கு ஒப்பாகும்.

பலூனும் கணனியும்

இந்நாட்டில் 1863 டிசம்பரில் 88 நிலையங்களுடன் முறையான வானிலை அவதானிப்பு தொடங்கியது. இன்று பயேர்ன் நகரிலிருந்து நாளுக்கு இருமுறை பலூன் ஒன்று மேலெழுந்து, 30 கிலோமீற்றருக்கு மேல் சென்று வெடிக்கும்வரை வெப்பத்தையும் ஈரத்தையும் காற்றையும் அறிவித்துக்கொண்டே போகின்றது. ஐந்து மலையுச்சிகளில் நிறுவப்பட்ட ராடார்கள் மழையையும் பனியையும் தேடுகின்றன. செய்மதிகள் மேலிருந்து பார்க்கின்றன. இத்தரவுகள் அனைத்தையும் கணனி விழுங்கி, வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கணம் என்ன நிகழும் என்று கணக்கிடுகின்றது.

மலைநாட்டின் சிக்கல் இங்கேதான் எழுகின்றது. 1990களின் நடுப்பகுதியில் சுவிஸ் வானிலை நிலையம் பயன்படுத்திய கணிப்பில் ஒரு கட்டம் 14 கிலோமீற்றர் அகலமாயிருந்தது. இரண்டு மூன்று கிலோமீற்றர் அகலமேயுள்ள பள்ளத்தாக்கு அந்தக் கணனியின் கண்ணுக்கே தெரியவில்லை. கூரிய சிகரங்கள் அதற்கு வழுவழுப்பான மேடுகளாய்த் தோன்றின. 2016 தொடக்கம் கட்டத்தின் அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றராகச் சுருங்கியது. பள்ளத்தாக்குகள் தெரியத் தொடங்கின.

ஆயினும் தொடக்க அளவீட்டில் உள்ள சிறு பிழை நாட்கள் செல்லச் செல்லப் பெரும் பிழையாக வளரும். ஆகவே இங்கிலாந்தின் றெடிங் நகரில் அமைந்த ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம், தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி ஐம்பது தடவைகள் மீளக் கணிக்கின்றது. ஐம்பதும் ஒரே விடையைத் தந்தால் நம்பிக்கையுடன் பேசலாம். பாதி பனிப்புயல் என்றும் மறுபாதி வெறும் மழை என்றும் சொன்னால், 'ஐம்பது வீதம்' என்பதே நேர்மையான அறிக்கை. அது மழுப்பல் அன்று.

பனியா, மழையா?

மலைநாட்டு வானிலையாளரின் உறக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. பனி விழும் எல்லை, சுழியப் பாகைக் கோட்டிலிருந்து வழக்கமாக முந்நூறு மீற்றர் அளவு கீழே அமையும். ஆனால் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அடைமழை பொழியும்போது, உருகும் பனித்துகள்கள் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகின்றன. மலைச்சுவர்களுக்கு இடையில் அடைபட்ட காற்று சிறிதளவே ஆதலால் அது விரைவாகச் சுழியப் பாகைக்கு இறங்குகின்றது. பனியெல்லை பல நூறு மீற்றர் கீழிறங்கி, மாலையில் மழை பெய்த ஊர் நள்ளிரவில் பனிக்குள் புதைந்துவிடும். ஒரு மில்லிமீற்றர் மழைநீர் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் பனிக்குச் சமம். 40 மில்லிமீற்றர் மழை என்பது நனைந்த வீதி மாத்திரமே. 40 சென்ரிமீற்றர் பனி என்பது அறுந்த மின்கம்பியும் அடைபட்ட பாதையும்.

வெள்ளைச் சாவு

பனி விழுந்து முடிந்ததும் அபாயம் முடிவதில்லை. 1950–51 குளிர்காலத்தில் பனிச்சரிவுகள் சுவிற்சர்லாந்தில் 98 உயிர்களைப் பறித்தன. 1999ஆம் ஆண்டு ஜனவரி இறுதி தொடக்கம் பெப்ரவரி இறுதிவரை வடமேற்கிலிருந்து மூன்று பெரும் பனிப்பொழிவுகள் தொடர்ந்தன. சில இடங்களில் ஐந்து மீற்றருக்கு மேல் பனி விழுந்தது. பெப்ரவரி 21இல் வலே மாநிலத்தின் எவொலென் ஊரில் 12 பேர் மாண்டனர். இரு நாட்களின் பின் ஒஸ்திரியாவின் கால்ற்றூர் கிராமத்தில் 31 பேர் மாண்டனர். ஆயினும் அவ்வாண்டு சுவிஸ் குடியிருப்புகளிலும் வீதிகளிலும் இறந்தோர் 17 பேர். அரை நூற்றாண்டில் மக்களும் வாகனங்களும் பெருகியபோதும் இறப்பு இவ்வளவு குறைந்தமைக்குச் சரிவுத் தடுப்புகளும், அபாய நிலங்களில் வீடு கட்டத் தடையும், முன்னறிவித்தலும் காரணங்களாகும்.

டாவோஸ் நகருக்கு மேலே, 2,600 மீற்றருக்கும் மேலான உயரத்தில், 1936ஆம் ஆண்டு ஒரு பனிக்குடிசையில் தொடங்கிய ஆய்வே இந்த முன்னறிவித்தலின் மூலம். அங்குள்ள ஆய்வு நிலையம் 1945இலிருந்து பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகின்றது. 1993 முதல் ஐரோப்பா முழுவதற்கும் ஒரே ஐந்துபடி அளவுகோல் வந்தது. மூன்றாம் படி 'கணிசமான அபாயம்'. 'நடுத்தரந்தானே' என்று எண்ணி மலைச்சரிவுக்குச் செல்வோர் உயிரிழப்பது பெரும்பாலும் இந்த மூன்றாம் படியிலேயே என்பதைப் பிள்ளைகளைப் பனிச்சறுக்கலுக்கு அனுப்பும் பெற்றோர் மனத்திற் கொள்ளவேண்டும்.

முன்னறிவிப்பு தவறுவதும் உண்டு. 1999 டிசம்பர் 26ஆம் நாள் 'லோத்தார்' என்ற புயல் சில மணி நேரத்தில் வலுப்பெற்றுப் பிரான்சைக் கடந்து இங்கு பாய்ந்தது. அதன் கடுமையைப் பல கணிப்புகள் முன்னரே காணத் தவறின. சூரிச்சை அடுத்த ஊற்லிபேர்க் குன்றில் காற்றின் வேகம் மணிக்கு 241 கிலோமீற்றராகப் பதிவாகியது. நாட்டில் 14 பேர் உயிரிழந்தனர்.

நாம் செய்யவேண்டியது

எம்மவருள் பலர் உணவகச் சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் நள்ளிரவிலும் அதிகாலையிலும் வேலை பார்ப்பவர்கள். கடைசிப் பேருந்தையும் முதல் தொடருந்தையும் நம்பி வாழ்பவர்கள். வானிலை எச்சரிக்கை அவர்களுக்கே முதலில் தேவை. எச்சரிக்கைக்கும் ஐந்து படிகள் உள்ளன. பச்சையில் தொடங்கி மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என உயரும். மொழி தெரியாதவரும் நிறத்தை அறிவர். செம்மஞ்சளைக் கண்டால் பயணத்தை மாற்றியமைக்கவேண்டும். சிவப்பைக் கண்டால் வேலைத்தலத்துக்குத் தொலைபேசியிற் சொல்லிவிட்டு வீட்டில் இருப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

குளிரால் விறைத்து வெளுத்த விரலைத் தேய்க்கக்கூடாது. பனியாலும் கூடாது, கையாலும் கூடாது. நெருப்பருகே பிடிக்கவும் கூடாது. உணர்வற்ற தோல் சுடுவதை அறியாது. ஈர உடையைக் களைந்து, உடற்சூட்டினாலோ வெதுவெதுப்பான நீரினாலோ மெல்லச் சூடேற்றி மருத்துவரை நாடவேண்டும். மது குளிரைப் போக்கும் என்பது தவறு. அது உடலின் வெப்பத்தை விரைவாக வெளியேற்றும். மின்சாரம் தடைப்பட்டாலும் கரி அடுப்பை வீட்டினுள் மூட்டலாகாது. மணமற்ற நச்சுவாயு உறக்கத்திலேயே கொன்றுவிடும். பனியில் வாகனம் சிக்கினால் புகைபோக்கியைச் சுற்றியுள்ள பனியை முதலில் அகற்றவேண்டும். விபத்தெனில் 144, மலையில் வானூர்தி மீட்புக்கு 1414.

1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது அங்கிருந்தவர்கள் சிலர் இன்று எம்முடன் இந்த மலைகளின் அடியில் வாழ்கின்றனர். காற்று வருமுன் காற்றைப் பற்றிய சொல் வந்து சேரவேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. இங்கு அந்தச் சொல் நாள்தோறும் வருகின்றது. ஆனால் எமது மொழியில் வருவதில்லை. வீட்டில் மொழியறிந்த பிள்ளை இருந்தால், மாலையில் எச்சரிக்கையைப் படித்து அப்பாவுக்கும் அம்மம்மாவுக்கும் தமிழிற் சொல்வதை அதன் கடமையாக்குங்கள். தனித்து வாழும் முதியவரின் கதவையும் ஒருமுறை தட்டச் சொல்லுங்கள்.

விரல்களை இழந்த அந்த நண்பர் இன்றும் எம்மூரிலேயே இருக்கின்றார். பேரப்பிள்ளைகள் கண்டுவிட்டார். அவர் வீட்டுக்கு மாலையிற் செல்பவர், செய்தி முடிந்து வானிலை தொடங்கும்வரை வாய்திறக்கக் கூடாது. வானிலை முடிந்த பின்னரே தேநீர் வரும்.