யார் படிக்க எழுதுகிறோம்: சிகில், ஃபூ, சக்கரம்

சிதம்பரம் கோயிலைச் சுற்றியுள்ள பூஜைச் சாமான் கடைகளில் சூரிய யந்திரம் கேட்டால் உள்ளங்கை அளவில் ஒரு செப்புத் தகடு கொடுப்பார்கள். மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம். மேல் வரிசையில் 6, 1, 8. நடுவில் 7, 5, 3. கீழே 2, 9, 4. நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை, எப்படிக் கூட்டினாலும் 15.

அதில் எந்த வேண்டுதலும் எழுதியிருக்காது. பையனுக்கு வேலை கிடைக்கணும்னு வாங்குபவரும், கண் பார்வை சரியாகணும்னு வாங்குபவரும் ஒரே தகட்டைத்தான் எடுத்துப் போகிறார்கள். புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது கொஞ்சம் உறுத்தும். இன்புட் வேறு வேறு, அவுட்புட் மட்டும் எப்படி ஒன்றே? நடுவில் அந்த வேண்டுதல் எங்கே போனது?

மனசில் இருக்கிற விருப்பத்தை ஒரு குறியாக மாற்றுவது உலகம் முழுக்க நடந்த வேலை. எல்லாவற்றையும் "மந்திரக் குறி" என்று ஒரே பெட்டியில் போட்டால் ஒன்றும் புரிவதில்லை. எழுதியதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு மரபும் தனியாகப் பிரிந்து தெரியும்.

மேற்கத்திய முறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் சுலபம். ஆஸ்டின் ஆஸ்மன் ஸ்பேர் லண்டனைச் சேர்ந்த ஓவியர் (1886–1956). 1913இல் 'இன்பத்தின் நூல்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு புத்தகம் வெளியிட்டார். அவர் முறை இதுதான்: விருப்பத்தை ஒரு வாக்கியமாக எழுது. திரும்பத் திரும்ப வரும் எழுத்துகளை அடி. மிச்சம் இருப்பதை ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி ஒரே சித்திரமாக்கு. அதுதான் சிகில். பிறகு என்ன எழுதினோம் என்பதையே மறந்துவிடு. அவரே கொடுக்கும் ஓர் உதாரணம் புலியின் பலம் வேண்டும் என்பது. 1970களில் கேயாஸ் மேஜிக் என்று கிளம்பியவர்கள் இதைத்தான் எடுத்துப் பரப்பினார்கள்.

நம்ம மொழியில் பாஷையில் சொன்னால் இது ஒரு ஹாஷ். போகலாம், திரும்ப வர முடியாது. சித்திரத்தைப் பார்த்து வாக்கியத்தை மீட்க முடியாது, மீட்கவும் கூடாது. ஏனென்றால் ஸ்பேர் கணக்கில் படிக்கிறவர் வெளியே யாரும் இல்லை. எழுதுகிறவனின் ஆழ்மனமே படிக்கிறது. மேல்மனசுக்குப் புரிந்தால் அது சந்தேகப்பட்டுக் கெடுத்துவிடும், அதனால் அதற்குப் புரியாதபடி மூடி உள்ளே அனுப்பு என்பது யோசனை.

இதைத் தமிழில் செய்து பார்த்தேன். "ஐ வான்ட் த ஸ்ட்ரெங்த் ஆஃப் எ டைகர்" என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 24 எழுத்து. ரிப்பீட் ஆவதை நீக்கினால் 12. சரி பாதி. "புலியின் பலம் வேண்டும்" என்பதில் 11 எழுத்து, இரண்டு முறை வருவது 'ம்' ஒன்றுதான், அதனால் 10 மிஞ்சும். கிட்டத்தட்ட வாக்கியம் அப்படியே நிற்கிறது, யாரும் படித்துவிடலாம்! உயிர்மெய்யைப் பிரித்து ப் + உ, ல் + இ என்று எழுதினால் 18 ஆகி, நீக்கியபின் 12க்கு வருகிறது. ஆக, ஸ்பேரின் முறை 26 எழுத்து உள்ள ஒரு நெடுங்கணக்கை நம்பி நிற்கிறது. 247 எழுத்து உள்ள இடத்தில் அழிப்பது ஒரு நல்ல வழியே கிடையாது.

தமிழ் மரபு அழிக்கவில்லை, சுழற்றியது. ந, ம, சி, வா, ய ஐந்தும் வேறு வேறு எழுத்து, நீக்க ஒன்றுமில்லை. ஒரு தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு முதல் வரியில் 'சிவாயநம' என்று எழுதுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து தள்ளி ஆரம்பித்தால் வரிசையிலும் பத்தியிலும் ஐந்தெழுத்தும் ஒவ்வொரு தரம் வரும். ஆனால் ஒரு மூலைவிட்டம் முழுக்க 'ம' மட்டுமே நிற்கும். அதற்குப் பதிலாக மூன்று எழுத்து தள்ளித் தள்ளி ஆரம்பியுங்கள்: சிவாயநம, நமசிவாய, வாயநமசி, மசிவாயந, யநமசிவா. இப்போது இரண்டு மூலைவிட்டத்திலும் ஐந்தெழுத்தும் சரியாக வந்து உட்காரும். இந்த வகைக் கட்டத்துக்குக் கணிதத்தில் லத்தீன் சதுரம் என்று பெயர். ஆய்லர் 1782இல் இதைப் பற்றி எழுதினார்.

திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் பெரும்பாலும் இந்த மாதிரி சக்கரங்கள்தான். திருவம்பலச் சக்கரம், நவாக்கரிச் சக்கரம் என்று போகும். திருவம்பலச் சக்கரத்தில் ஒரு வடிவத்துக்குப் பன்னிரண்டு கோடு நெடுக்கில், பன்னிரண்டு கோடு குறுக்கில், 121 கட்டம். கட்டத்துக்குத் திருமூலர் வைக்கும் சொல்லைக் கவனியுங்கள்: மனை. வீடு. எழுத்து அங்கே குடியிருக்க வருகிறது. இங்கே படிக்கிறவர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை, எழுத்தே தெய்வம், கட்டம் அதற்கு இடம். சூரியத் தகட்டில் வேண்டுதல் ஏன் இல்லை என்பதற்கும் இதுதான் பதில். தகடு சொல்வது விலாசத்தை. சங்கதியை நீங்கள் வாயால் சொல்லிக்கொள்ள வேண்டும்.

பக்தியை விட்டு மாந்திரீக ஏடுகள் பக்கம் போனால் விருப்பத்துக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் ஸ்பேர் மாதிரி இஷ்டத்துக்கு வாக்கியம் எழுத முடியாது. அஷ்டகர்மம் என்று எட்டே வகை: வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், பேதனம், வித்வேஷணம், மாரணம். உங்கள் ஆசை எதுவானாலும் இந்த எட்டில் ஒன்றில் அடங்கியாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதற்கேற்ப உட்காரும் திசை, ஆசனம், தகட்டின் உலோகம் எல்லாம் மாறும். ஃபார்மில் டிராப்-டவுன் வைப்பது போலத்தான். அந்தப் பட்டியலில் நல்லெண்ணம் எவ்வளவு குறைவு என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சீனத்துத் தாவோ மரபில் கதையே வேறு. அங்கே தாயத்துக்கு ஃபூ என்று பெயர். அந்தச் சொல்லின் பழைய பொருள் இரண்டாகப் பிளந்த அடையாளத் துண்டு. சின் நாட்டில் வெண்கலத்தில் புலி உருவம் செய்து, பாதி அரசனிடம், பாதி படைத்தலைவனிடம் இருக்கும். இரண்டும் பொருந்தினால்தான் படை நகரும். மஞ்சள் தாளில் சிவப்பு மையால் எழுதும் ஃபூவும் அதே சங்கதிதான். மேலே இருக்கும் தேவலோக அலுவலகத்துக்கு அத்தாட்சியோடு போகும் உத்தரவு. பல ஃபூக்களும் மந்திரங்களும் "சட்டப்படி, உடனே உடனே" என்ற பொருள்படும் வாசகத்தில் முடியும். ஹான் வம்சத்து அரசாங்கக் கடிதங்களின் வாசகத்திலிருந்து வந்தது அது.

கி.பி. 142இல் சாங் தாவோலிங் தொடங்கியதாகச் சொல்லப்படும் வான ஆசான்கள் இயக்கத்தில், நோயாளி தன் தவறுகளை எழுதி மூன்று பிரதி எடுக்க வேண்டும். ஒன்று வானத்துக்கு, மலைமேல் வைப்பார்கள். ஒன்று பூமிக்கு, புதைப்பார்கள். ஒன்று தண்ணீருக்கு, மூழ்கடிப்பார்கள். தாலுகா ஆபீசில் மூன்று காப்பி கேட்பது இன்று நேற்றுப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஃபூவின் எழுத்து சாதாரண ஆளுக்குப் படிக்க வராததற்குக் காரணம், அது அவனுக்கு எழுதப்பட்டதல்ல. ஸ்பேர் தன்னிடமிருந்தே மறைத்தார். ஃபூவை மேலதிகாரி நன்றாகவே படிப்பார்.

இனி அந்த 15க்கு வருகிறேன். சூரியத் தகட்டில் இருக்கும் அதே சதுரம்தான் சீனத்தில் லோ ஷூ, ஆற்றிலிருந்து வந்த ஆமையின் முதுகில் இருந்ததாகக் கதை. 1533இல் முழுதாக அச்சான அக்ரிப்பாவின் மறைபொருள் நூலில் அதே சதுரம் சனிக்கு உரியது. அரபு மரபில் எண்களுக்குப் பதில் எழுத்துப் போடுவார்கள். நாலு மூலையில் வரும் 2, 4, 6, 8க்கு உரிய எழுத்துகளைச் சேர்த்தால் 'புதூஹ்' என்று ஒரு சொல் வரும். கடிதம் பத்திரமாய்ப் போய்ச் சேர உறையின் மேல் அதை எழுதும் வழக்கம்கூட இருந்தது.

இது ஒரு காலத்தில் என் கையிலேயே இருந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கடலூரில் என் மனைவிக்கு முதல் பிரசவம். வலி ஆரம்பித்து ஒரு பகலும் பாதி ராத்திரியும் ஆகிவிட்டது. அம்மா தலையணைக்கு அடியில் சூரியத் தகட்டை வைத்திருந்தார். பரங்கிப்பேட்டையில் இருக்கும் என் நண்பனின் வாப்பா ஒரு மடித்த தாளைக் கொண்டுவந்து, "இதையும் தலைமாட்டில வச்சிடுங்க தம்பி" என்றார். உள்ளே விடவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். விடியற்காலையில் ஆபரேஷன் பண்ணிப் பெண் குழந்தை. டிஸ்சார்ஜ் ஃபைலோடு அந்தத் தாளும் வீட்டுக்கு வந்துவிட்டது. போன வருஷம் ஃபைலைக் குடைந்தபோது பார்த்தேன், மூன்றுக்கு மூன்று கட்டம், மூலைகளில் புதூஹ். அம்மாவின் தகடும் அதுவும் ஒரே சதுரம், ஒன்றின் கண்ணாடி பிம்பம் இன்னொன்று.

அவர் சும்மா எதையோ கொண்டுவரவில்லை. ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் நூல்களில் இந்தச் சதுரம் பிரசவம் சுலபமாக நடக்க என்றே வருகிறது. 1111இல் இறந்த அறிஞர் கஸ்ஸாலியும் இதைக் குறிப்பிடுகிறார், துணியில் எழுதிக் கர்ப்பிணி காலடியில் வைப்பார்கள் என்று. இந்தியாவில் கி.பி. 900 வாக்கில் வைத்தியர் விருந்தர் எழுதிய சித்தயோகத்திலும் பிரசவத்துக்கு ஒரு சதுரம்: 16, 6, 8, 2, 10, 18, 12, 14, 4. கூட்டுத்தொகை 30. எல்லா எண்ணையும் இரண்டால் வகுத்துப் பாருங்கள், அதே பழைய சதுரம்!

யார் யாரிடம் திருடினார்கள் என்ற சண்டை இங்கேதான் வழக்கமாக ஆரம்பிக்கும். சித்தர்களிடமிருந்து சீனத்துக்குப் போனது என்று ஒரு கட்சி, அங்கிருந்து வந்தது என்று இன்னொன்று. இரண்டு பேரும் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுவிட்டு வாதாடலாம். 1 முதல் 9 வரை வைத்து மூன்றுக்கு மூன்று மாயச்சதுரம் ஒன்றே ஒன்றுதான் சாத்தியம். திருப்பியும் கவிழ்த்தும் எட்டு முகம், அவ்வளவுதான். யார் எங்கே முயன்றாலும் அதில்தான் போய் முட்டுவார்கள். அதனால் சதுரம் ஒத்துப்போவது எதையும் நிரூபிக்காது. கணிதம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒத்துப்போனால்தான் விசேஷம். சதுரத்தைப் பிரசவத்தோடு சேர்க்கச் சொல்லி எந்தத் தேற்றமும் சொல்லவில்லை. விருந்தரும் ஜாபிர் நூல்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதைச் சொல்கின்றன என்றால், நடுவில் ஏதோ போக்குவரத்து இருந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கடல் வழி வியாபாரம் அப்போது சும்மா இருக்கவில்லை.

கிரகங்களுக்கு ஒதுக்கியதில் நேர்மாறு. அக்ரிப்பா சனிக்கு மூன்றுக்கு மூன்றில் தொடங்கி, வியாழனுக்கு நாலுக்கு நாலு என்று சதுரத்தையே பெரிசாக்கி, சந்திரனுக்கு ஒன்பதுக்கு ஒன்பதில் முடிக்கிறார். நம் ஆட்கள் சதுரத்தின் அளவைத் தொடவே இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று கூட்டிக்கொண்டே போனார்கள்: சூரியன் 15, சந்திரன் 18, செவ்வாய் 21, இப்படிக் கேது 39. ஒன்பது தகடும் ஒரே லூப். எனக்கு இந்தச் சிக்கனம் பிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு உபயோகமும் உண்டு. ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "ரகசிய எண்கள்" என்று யாராவது தகடு கொடுத்தால், அந்த எண்களில் ரகசியம் எதுவும் இல்லை, நாலாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும். மரபும் எண்ணுக்கு விலை சொல்லவில்லை. உரு ஏற்ற வேண்டும் என்றுதான் சொன்னது. மந்திரத்தை 1008, லட்சம் என்று உட்கார்ந்து ஜபிக்கிற உழைப்பு. அதை யார் செய்தார் என்று கேளுங்கள்.

சிதம்பரத்தில் ஐந்தெழுத்தைக் கட்டமாகப் போடாமல் படியாகவே கட்டிவிட்டார்கள். சிற்சபைக்கு ஏறும் ஐந்து படிக்கும் பஞ்சாட்சரப் படி என்று பெயர். கூரையின் பொன் ஓடுகள் 21,600 என்பது மரபுக் கணக்கு, நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு வீதம் ஒரு நாளின் மூச்சு. நடராஜருக்குப் பக்கத்தில் திரை. அதை விலக்கினால் தெரிவது தங்க வில்வ மாலை மட்டும், பின்னால் வெறும் வெளி. அங்கே ஒரு சக்கரம் இருக்கிறது என்றும் சொல்வார்கள். கட்டம் போட்டு எழுத்தைக் குடிவைத்த அதே மரபு, மூலஸ்தானத்தில் குடியிருப்பவரைக் காட்டாமல் இடத்தை மட்டும் காட்டுகிறது.

சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார், 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தபோது ஒரு திரை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ஏழு வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு நிறம். தைப்பூசத்தன்று ஏழும் விலகும்போது தெரிவது கண்ணாடியும் விளக்கும். தகடு எதுவும் இல்லை.