கரிசல் பள்ளித் தோட்டத்தின் பனிக்காலம்

கரிசல் பூமியில் பள்ளி ஆண்டும் தோட்ட ஆண்டும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்வதாலும், மார்கழி இரவுகளிலும் செடிகளைக் கருக்கும் உறைபனி இங்கு இல்லாததாலும், வானம் பார்த்த தோட்டத்துக்குப் பனிக்காலமே விளைச்சல் காலமாகிறது. பள்ளி திறக்கும் ஜூனில் ஆர்வத்தோடு நட்ட செடிகள் ஆடிக் காற்றில் காய்ந்துபோவதற்கு மாணவர்களின் அக்கறையின்மையைக் காரணம் காட்டுவது நியாயமன்று. புரட்டாசியில் விதைக்காத நாட்காட்டியே பிழையானது.

கரிசலில் மிகுந்துள்ள களி, நீரை உறிஞ்சும்போது உப்பி, உலரும்போது சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும் இயல்புடையது. பெய்த மழையைப் பல வாரங்கள் தேக்கிவைக்கும் இம்மண், வெடிப்பு விழுந்தபின் அதன் வழியே அடிமண்ணின் ஈரத்தையும் இழந்துவிடுகிறது. ஆகவே, மழை ஓய்ந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை தண்ணீர் ஊற்றுவதன்று, களைக்கொத்தால் மேல்மண்ணைக் கிளறிப் பொடியாக்கி வெடிப்பை மூடுவதேயாகும். அதன்மேல் சோளத்தட்டை, சருகு போன்றவற்றைப் பரப்பி ஈரம் காப்பதற்கு மூடாக்கு என்று பெயர். மண் சேறாக இருக்கும்போது மட்டும் பிள்ளைகளைப் பாத்திக்குள் இறக்கலாகாது. மிதிபட்ட கரிசல் காய்ந்தால் பாறையாக இறுகிவிடும்.

கத்தரி, மிளகாய், கொத்தவரை, தட்டை ஆகியவை இப்பருவத்தில் செழிக்கும். பந்தலில் படரும் பழைய அவரை வகைகள் பகல் குறுகி இரவு நீளும்போதுதான் பூப்பவை என்பதால், அறிவியல் வகுப்புக்கு அவற்றைவிட நல்ல பாடம் அரிது. தையில் தலைகாட்டும் அசுவினிக்கு, அதாவது இளந்தளிரில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சிறு பூச்சிக்கு, இடித்த வேப்பங்கொட்டையை ஊறவைத்து வடித்த கரைசலே போதுமானது. பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இரசாயன மருந்து எதற்கு?

உண்மையான இடையூறு விடுமுறையிலிருந்து வருகிறது. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் காய்ப்புக் காலத்திலேயே அமைவதால், பறிக்காமல் முற்றிய காய்கள் புதிய பூக்களைத் தடுத்துவிடுகின்றன. பள்ளிக்கு அருகில் வசிக்கும் பெற்றோரிடம் முறைவைத்துப் பறிக்கும் பொறுப்பை ஒப்படைத்தால் இதைத் தவிர்க்கலாம். விளைந்ததைச் சமைக்கத் தொலைவில் இடம் தேட வேண்டியதில்லை: காமராசர் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவு, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்து, பள்ளி வளாகத்திலேயே அடுப்பை அமைத்துத் தந்திருக்கிறது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசும் 2019இல் வெளியிட்டது.

பங்குனி வெயிலில் காய்கறிச் செடிகள் பெரும்பாலும் நிற்பதில்லை. அதற்குள் நல்ல காய்களை முற்றவிட்டு விதையெடுத்து, சாம்பல் கலந்து காயவைத்துச் சேமித்துவிட வேண்டும். மண், விதை, பருவம் பற்றி ஐயமுள்ள ஆசிரியர்கள், மானாவாரி வேளாண்மையை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தை ஆவணி முடிவதற்குள் அணுகுவது நல்லது.