அச்சும் அசலும்: பதிப்போவியத்தைத் தமிழில் சுட்டுதல்

ஈசூனில் வாழும் தமிழாசிரியர் ஒருவரது இல்லத்தில், காலணி அடுக்கின் மேலே, அவர் சென்னையில் வாங்கிய சிறிய அச்சுப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கக் கண்டோம். வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஒரு படகு மிதக்கும் காட்சி. கீழ்விளிம்பின் இடப்புறம் 7/25 எனக் கரிக்கோலால் எழுதப்பட்டிருந்தது; வலப்புறம் ஓவியரின் கையொப்பம். "இருபத்தைந்து நகல்களில் இது ஏழாவது. அசல் யாரிடம் இருக்கிறதோ!" என்றார் நண்பர். படம் வாயிலோரத்தில் தொங்கியதன் காரணம் அப்போது விளங்கிற்று. அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. நாமும் நம் விரிவுரைகளில் இத்தகைய படைப்புகளைப் 'பிரதி' என்றே பல ஆண்டுகள் வழங்கி வந்துள்ளோம். அவ்வழக்கு பிழையானது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிழைக்கு ஒரு வரலாறு உண்டு. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவித் தம் எண்ணெய் ஓவியங்களை வண்ணக் கல்லச்சில் வெளியிட்டார். தெய்வப் படங்கள் பூசையறைகளுக்குள் புகுந்தன. பின்னர்ச் சிவகாசி நாட்காட்டிகள் அவ்விடத்தைப் பிடித்தன. லிட்டில் இந்தியாவின் கடைச் சுவர்களில் இன்றும் காண்பவை அம்மரபின் தொடர்ச்சியே. இவையனைத்திலும் முதலில் ஓர் ஓவியம் தீட்டப்பெறுகிறது. அச்சு அதன் நகலாகிறது. எனவே அச்சுப்படம் என்றவுடன் 'மூலம் வேறெங்கோ உள்ளது' என நம் மனம் முடிவு செய்துவிடுகிறது.

பதிப்போவியத்தில் அத்தகைய மூல ஓவியம் இல்லை. அமிலப் பொறிப்பை எடுத்துக்கொள்வோம். செம்பு அல்லது துத்தநாகத் தகட்டின்மேல் அமிலம் தாக்காத மெழுகுப் பூச்சு இடப்படுகிறது. ஓவியர் ஊசியால் பூச்சைக் கீறிக் கோடுகளை வரைகிறார். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய இடம் மட்டும் அரிபட்டுப் பள்ளமாகும். பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தி எடுப்பர். தகட்டில் உள்ளது இடவல மாற்றமுற்ற பள்ளங்களே; படம் தாளில்தான் பிறக்கிறது. துடைக்கும் கை மனிதக் கையாதலால் ஒவ்வொரு தாளிலும் மையின் அடர்த்தி சிறிதேனும் வேறுபடும். ஆகவே இருபத்தைந்தும் அசல்களே. முழு ஒப்புமையைக் குறிக்க நாம் கூறும் 'அச்சு அசல்' என்னும் தொடர் இங்குச் சொல்லுக்குச் சொல் பொருந்திவிடுகிறது!

எண்ணிக்கையை வரையறுப்பதில் வணிக நோக்கு இல்லை என்று சொல்லமாட்டோம். அரிதானது விலை பெறும். ஆயினும் உருளையின் அழுத்தத்தால் தகடு தேய்வதும் உண்மை. குறித்த எண்ணிக்கை முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி அதனைச் செல்லாததாக்குவது மரபு. ஓவியர் தமக்கென எடுத்துக்கொள்ளும் சில தாள்கள் இவ்வெண்ணில் சேர்வதில்லை. அவற்றை 'ஓவியர் மெய்ப்பு' எனலாம். அச்சகத்தார் அறிந்த சொல்லே இது.

நண்பர் வீட்டுப் படகு மிதந்த உலகைச் சர்ரியலிசம் என்பர். தமிழில் மீயதார்த்தம் என்றும் வழங்குகிறது. 1924இல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் அறிக்கை வெளியிட்ட இயக்கம் அது. பாரிசில் ஹேட்டர் 1927இல் தொடங்கிய பட்டறை பின்னர் 'அத்தலியே 17' எனப் பெயர் பெற்றது. மீரோ, எர்ன்ஸ்ட் ஆகிய மீயதார்த்த ஓவியர்கள் அங்குப் பணியாற்றினர். சென்னைக் கலாக்ஷேத்திராவில் 1940களின் இறுதியில் ஓவியம் கற்பித்த கிருஷ்ண ரெட்டி (1925-2018) பின்னர் அப்பட்டறையில் சேர்ந்து அதன் இணை இயக்குநரும் ஆனார். பாகுநிலை அச்சுமுறை அங்கு உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் கூடிய மையும் குறைந்த மையும் ஒன்றோடொன்று கலவாமல் விலகி நிற்கும் இயல்பைப் பயன்படுத்தி, ஒரே தகட்டிலிருந்து ஒரே அழுத்தத்தில் பல வண்ணங்களைப் பெறும் முறை அது.

தமிழகத்தின் சிறந்த சான்று தேவகோட்டையில் 1957இல் பிறந்த ஆர். எம். பழனியப்பன். சென்னை அரசு கலைக் கல்லூரியில் பயின்ற இவர், 1991இல் அமெரிக்காவின் தாமரிண்டு நிறுவனத்தில் கல்லச்சில் உயர்பயிற்சி பெற்றார். 'பறக்கும் மனிதன்', 'அயற்கோள்' என்னும் பொருள்படும் தலைப்புகளில் அமைந்த இவருடைய அச்சு வரிசைகளில் விண்வெளியும் பறத்தலும் மீளமீள வருகின்றன. எண்களும் குறிகளும் அளவைக் கோடுகளும் படத்திற்குள்ளேயே இடம்பெறுகின்றன. இவரை மீயதார்த்த ஓவியர் என்று மட்டும் வகைப்படுத்துவதில் நமக்கு முழு உடன்பாடில்லை. மீயதார்த்தர் கனவைத் தேடினர். இவரோ கண்ணுக்குப் புலப்படாத இயக்கத்தை அளக்க முனைகிறார். அளவை முற்றியவிடத்து அதுவும் கனவுபோலத் தோன்றுகிறது. இதனை நண்பருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அருகிலுள்ள செம்பவாங் விமானத் தளத்து ஹெலிகாப்டர் ஒன்று அடுக்ககத்தைக் கடந்து சென்றது. சற்று நேரம் பேச்சு கேட்கவில்லை.

கலைச்சொல் குறித்து நம் கருத்து இது: ஒவ்வொரு தாளையும் 'பதிவு' எனலாம்; 25 தாள்களின் தொகுதியை 'வரையறுத்த பதிப்பு' எனலாம். 'நகல்', 'பிரதி' ஆகியவற்றை நாட்காட்டிப் படங்களுக்கு விட்டுவிடலாம். 'படி' என்பது ஏட்டிலிருந்து ஏடு எழுதுவதைக் குறித்த சொல்லாதலால் அதுவும் இங்குப் பொருந்தாது.

நண்பர் இறுதியாக ஒன்று கேட்டார்: "அப்படியானால் ஏழைவிட ஒன்று உயர்ந்ததா?" அமிலமின்றி ஊசியால் நேரே கீறும் முறையில் கோட்டோரத்துப் பிசிர் விரைவில் தேய்வதால் முதற்பதிவுகள் செறிவாக அமையும். அமிலப் பொறிப்பில் சிறிய பதிப்புக்குள் அவ்வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. மேலும், அழுத்தி எடுத்த வரிசையிலேயே எண்ணிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தாள்கள் உலர்ந்தபின் எண்ணிடுவோரும் உளர். அவரது படம் அமிலப் பொறிப்பே.