சுண்டெலியின் பிடியும் இளவட்டக்கல்லும்

தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். பிறகு அவரோடு சேர்ந்த சங்கரராமன் தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். சீசனுக்குக் குற்றாலம் வந்து அருவியில் குளித்துவிட்டுப் போகிற கூட்டத்தில் ஆய்க்குடியை அறிந்தவர்கள் எத்தனை பேர்? அறிந்த நாமும் யோசிக்காத ஒன்று உண்டு. இந்த நோய்க்கான மருந்துகள் மனித உடலுக்கு வருமுன் பெரும்பாலும் ஒரு சுண்டெலியின் பிடியில் எடைபோடப்படுகின்றன.

எலியின் வாலைப் பிடித்துக் கம்பிவலை அருகே கொண்டுபோனால் அது தானாகப் பற்றிக்கொள்ளும். மெல்லப் பின்னால் இழுக்க, பிடி விடுகிற கணத்தின் உச்ச விசையைக் கருவி காட்டும். சில தடவை இழுத்து, உடல் எடையால் வகுத்து எழுதிக்கொள்கிறார்கள். சுத்தமான எண் மாதிரித்தான் தெரியுது. ஆனால் இழுக்கிறவர் கையின் வேகம் அதில் இருக்கிறது. எலியின் பயம் இருக்கிறது. விட்டால் ஒன்றும் ஆகாது என்று நாலாவது தடவையில் அது கற்றுக்கொண்டிருந்தால் அதுவும் இருக்கிறது. ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளைப் பதற்றப்படுத்துகிறது என்று 2014இல் ஓர் ஆய்வு சொன்னது. எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்பது இழுப்பவருக்குத் தெரியக்கூடாது என்ற விதி இந்தச் சந்தேகத்திலிருந்து பிறந்ததுதான்.

நம்ம ஊர்களில் கிடக்கிற இளவட்டக்கல்லை நினைத்துப் பாருங்கள். தூக்குகிறவனின் தசையோடு, சுற்றி நிற்கிற ஊரும் சேர்ந்துதான் கல்லைத் தூக்குகிறது. எலிக்கு ஏது ஊர்? 'முயற்சி பண்ணு' என்று அதனிடம் யார் சொல்வது?

ஆகவே அறிவியல் எலியின் விருப்பத்தையே கழித்துவிடப் பார்க்கிறது. மயக்கம் கொடுத்து, நரம்பில் மின்சாரம் செலுத்திக் கால் உதைக்கும் விசையை அளப்பது ஒரு வழி. தசையை வெட்டியெடுத்து, ஆக்சிஜன் ஏற்றிய உப்புக் கரைசலில் தொங்கவிட்டு அளப்பது இன்னொன்று. துல்லியம் கூடக்கூட தசையின் சொந்தக்காரர் காணாமல் போகிறார்!

எங்கே அளக்கிறோம் என்பதும் அரசியல்தான். டுஷேன் நோய்க்கு மாதிரியாக 1984இல் அறிவிக்கப்பட்ட எம்டிஎக்ஸ் எலியின் கால் தசைகள் சிதைந்தும் மீண்டும் வளர்ந்துவிடும், எலி ஓடியாடிக்கொண்டிருக்கும். பார்க்கப் பருத்த தசை, பருமனுக்கேற்ற விசை தராது. அதன் உதரவிதானமோ குழந்தைகளுக்கு ஆவதைப்போல நாளுக்கு நாள் நாராகிப் போகிறது. இது 1991இலேயே தெரியும். பிடியை மட்டும் அளந்தவருக்கு மூச்சு தெரியாது. எலியில் வென்ற பல மருந்துகள் பிள்ளைகளிடம் தோற்றதற்கு இது ஒரு காரணம்.

மனிதருக்கு வந்தால் மருத்துவர் கையால் எதிர்த்து அழுத்தி, 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். நாலா, ஐந்தா என்பது அவர் கை சொல்வது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் தசைச் சிதைவைப் பட்டியலில் சேர்த்தது; இட ஒதுக்கீட்டுக்கு 40 விழுக்காடு வேண்டும். 38 என்று எழுதப்பட்டவர் யாரிடம் போய் முறையிடுவார்? இப்போது மருந்துச் சோதனைகளில், டம்ளரை வாய்வரை கொண்டுபோக முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியைத் தாய்மார்கள் வீட்டில் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.