பிராண்ட் பெயரே இல்லை... ஆனாலும் இது விளம்பரம்! ஃபுட் ரைட்டர்களை அழைத்து தேனை எப்படி புரமோட் செய்கிறார்கள்?

சமையல் வீடியோ ஒன்றில், "சர்க்கரைக்குப் பதிலா ரெண்டு ஸ்பூன் தேன் சேர்த்துக்கோங்க" என்கிறார்கள். எந்த கம்பெனி பாட்டிலும் திரையில் இல்லை. தள்ளுபடி கோடும் இல்லை. இது விளம்பரமா இருக்காது என்றுதான் நினைப்போம். ஆனா, பிராண்ட் பெயரே இல்லாமல் ஒரு பொருளுக்கு விளம்பரம் செய்ய முடியும். அதில் ஒரு வழிதான் 'ரிட்ரீட்': உணவு எழுத்தாளர்களை வார இறுதியில் ஓரிடத்துக்கு அழைத்து, தங்கவைத்து, விருந்து கொடுத்து அனுப்புவது. அமெரிக்காவில் இது பழகிப்போன உத்தி. தேனை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் தேனுக்கென்றே 'நேஷனல் ஹனி போர்டு' என்ற அமைப்பு இருக்கிறது. 1984-ல் வந்த சட்டத்தின் கீழ்தான் இது முதலில் உருவானது. பெரிய அளவில் தேன் வியாபாரம், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள் ஒரு பவுண்டு தேனுக்கு (சுமார் 454 கிராம்) இவ்வளவு சென்ட் என்று கட்டணம் செலுத்துகின்றன. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் அந்தப் பணம் போகிறது. அந்நாட்டு வேளாண் துறை இதைக் கண்காணிக்கிறது.

பணம் எல்லோருடையது என்பதால் ஒரு பிராண்டை மட்டும் தூக்கிப் பிடிக்க முடியாது. பொதுவாக 'தேன்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். நம்ம ஊரில் டிவியில் வந்த முட்டை விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? எந்தப் பண்ணையின் பெயரும் அதில் இருக்காது. அதே கதைதான்.

ரிட்ரீட்டில் என்ன நடக்கும்?

பாதுகாப்பு உடை போட்டுக்கொண்டு தேன்கூட்டைப் பார்ப்பது, விதவிதமான தேனை ருசிப்பது, சமையல் வகுப்பு. இவைதான் முக்கிய அம்சங்கள். ஆரஞ்சுப் பூ தேன் லேசாக மணக்கும். பக்வீட் தேன் கருப்பாக, வெல்லப்பாகு மாதிரி அழுத்தமாக இருக்கும். இந்த ருசிகளை வகைப்படுத்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 'சுவைச் சக்கரம்' ஒன்றையே தயாரித்திருக்கிறார்கள்.

கூடவே எழுத வசதியான தகவல்களும் கிடைக்கும். ஒரு வேலைக்காரத் தேனீ தன் வாழ்நாள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது ஒரு டீஸ்பூனில் 12-ல் ஒரு பங்கு தேன்தான் என்பது தேன் துறை அடிக்கடி சொல்லும் கணக்கு. கேக்கில் சர்க்கரைக்குப் பதில் தேன் ஊற்றினால் மற்ற திரவத்தைக் குறைக்கணும், ஓவன் சூட்டையும் சுமார் 15 டிகிரி செல்சியஸ் குறைக்கணும் என்பது உண்மையிலேயே பயனுள்ள டிப்ஸ்.

அப்போ இதில் என்ன பிரச்னை?

சொன்னதில் பொய் இல்லாமல் இருக்கலாம். சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று வளர்ந்தவர்கள் நாம். இரண்டு நாள் உபசரித்தவர்களின் பொருளைப் பற்றிக் குறை எழுத யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

உதாரணமாக, 'சர்க்கரைக்கு மாற்று' என்று தேனைச் சொல்கிறார்கள். தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான். ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரையில் 50 கலோரிக்குப் பக்கம் என்றால், அதே ஸ்பூன் தேனில் 60-ஐத் தாண்டும். தேன் அடர்த்தியானது என்பதே காரணம். உலக சுகாதார நிறுவனமும், குறைத்துக்கொள்ளச் சொல்லும் சர்க்கரைப் பட்டியலில் தேனைச் சேர்த்திருக்கிறது.

இன்னொன்று இதைவிட முக்கியம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. 'பாட்டுலிசம்' என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று நாக்கில் தேன் தொட்டு வைப்பதற்கும் இது பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலவசப் பயணம், பரிசு, பணம் எது வாங்கியிருந்தாலும் வாசகருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்கிறது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன். 2009-லேயே பிளாகர்களையும் இதில் சேர்த்துவிட்டார்கள்.

இந்தியாவிலும் 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை இன்ஃப்ளூயன்சர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், பயணம், ஹோட்டல் தங்கல் எல்லாமே சொல்லப்பட வேண்டிய 'ஆதாயம்'தான். அதுவும் ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க முடியும்.

நாம் எதைக் கவனிக்கணும்?

* 'விளம்பரம்', 'ஸ்பான்சர்டு', 'பெய்டு புரமோஷன்' என்ற வார்த்தை எங்கேயாவது இருக்கிறதா?

* ஒரே வாரத்தில் நாலைந்து பேர் ஒரே பொருளை, ஒரே தகவலோடு பாராட்டுகிறார்களா?

* ருசியைப் பற்றிப் பேசுகிறார்களா, நோய் தீரும் என்கிறார்களா? ருசி அவரவர் நாக்கு சொல்வது. உடம்பு விஷயம் என்றால் சொல்பவர் டாக்டரா, டயட்டீஷியனா என்று பாருங்கள்.

இலவச விருந்துக்குப் போய் வந்தவர் எழுதிய ரெசிபி நல்ல ரெசிபியாகவே இருக்கலாம். தாராளமாகச் செய்து சாப்பிடுங்கள். ஆனால் அந்த விருந்துக்கு யார் செலவு செய்தார்கள் என்பதை அதே பதிவில் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.