கோவா தம்பதிக்கு பாதிப் பாதி... நமக்கு?

சிறுசேரி சிப்காட்டில் கணவன், மனைவி ரெண்டு பேருமே ஐ.டி-யில் இருக்கும் வீடுகள் நிறைய. ஒரே பைக், ஒரே வாடகை வீடு, ஒரே ஓ.டி.டி அக்கவுன்ட். ஆனால், வருமான வரித்துறைக்கு நீங்கள் தனித்தனி ஆள். ரெண்டு பான் நம்பர், ரெண்டு ரிட்டர்ன். அமெரிக்கா மாதிரி ஜோடியாக ஃபைல் பண்ணும் வசதி இங்கே கிடையாது.

இதில் ஒரு சுவாரஸ்யமான விதிவிலக்கு, கோவா. அங்கே இன்னமும் நடைமுறையில் இருப்பது போர்ச்சுக்கீசிய சிவில் சட்டம். கல்யாணத்துக்கு முன் வேறு ஒப்பந்தம் போடாவிட்டால், சொத்து ரெண்டு பேருக்கும் பொது. அதனால் வருமான வரிச் சட்டம், அவர்கள் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரிக்கச் சொல்கிறது. சம்பளம் மட்டும் சம்பாதித்தவருக்கே!

உங்கள் டீமில் ஒரு கோவாக்காரர் இருக்கிறார்னு வைங்க. மட்காவ் ஃபிளாட்டிலிருந்து மாதம் 30,000 ரூபாய் வாடகை. வருஷத்துக்கு 3.6 லட்சம். அதில் 30 சதவிகிதக் கழிவு போனால் 2.52 லட்சம். கணவர் கணக்கில் 1.26, மனைவி கணக்கில் 1.26. மனைவிக்கு வேறு வருமானம் இல்லையென்றால், நல்ல மிச்சம். ரிட்டர்னில் துணையின் பான் நம்பரைக் குறிப்பிட வேண்டும். டெக்சாஸ், கலிஃபோர்னியாவுக்கு ஆன்சைட் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும்... அங்கே தனித்தனியாக ஃபைல் பண்ணினால் சம்பளமே பாதிப் பாதி!

'நாமளும் மனைவி பேர்ல எஃப்.டி போட்டுட்டா?' இங்கேதான் பலரும் சிக்குகிறார்கள். மனைவிக்கு 10 லட்சம் கொடுப்பதற்கு வரி இல்லை. ஆனால், 7 சதவிகிதத்தில் வரும் 70,000 ரூபாய் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். வருமான வரிச் சட்டம் அப்படி. வங்கியோ அந்த வட்டியை மனைவியின் பான் நம்பரில்தான் காட்டும். நீங்களாகச் சேர்க்காமல் விட்டால், பிறகு வரியோடு வட்டியும் கட்ட வேண்டியிருக்கும். அந்த 70,000-ஐ மறுபடி முதலீடு செய்து கிடைக்கும் வருமானம் மட்டும் மனைவியுடையது. மனைவி தன் சம்பளத்தில் போட்ட எஃப்.டி-க்கு இந்தப் பிரச்னையே இல்லை.

நாவலூரில் சேர்ந்து ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கீங்களா? அவரவர் பங்குக்கு ஏற்ப வாடகையைப் பிரித்துக் காட்டலாம். பத்திரத்தில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பணமும் அவரவர் கணக்கிலிருந்து போயிருக்க வேண்டும். இ.எம்.ஐ போன பேங்க் ஸ்டேட்மென்ட்டை பத்திரமா வச்சுக்கோங்க.